டிடிசி சிப்ல வர்ற டிலே எல்லாம் எங்கேருந்து வருது, ஒவ்வொண்ணையும் எப்படி புடிக்கிறது

டிடிசினா டைம்-டு-டிஜிட்டல் கன்வர்ட்டர், ஸ்டார்ட் பல்ஸுக்கும் ஸ்டாப் பல்ஸுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு எண்ணிச் சொல்ற சிப். 10 மீட்டர் கேபிள் மாட்டினா 50 நானோசெகண்ட் வரணும், ஆனா 58 காட்டுது. இல்லனா ரீடிங்கே வரலை, அளந்து முடிச்சேன்னு சொல்ற இன்டரப்ட் பின் அப்படியே நிக்குது. இல்லனா காலைல ஒரு நம்பர், சாயங்காலம் வேற நம்பர். டிடிசி7200 வாங்கி முதல்ல ஓட்டுறவங்க எல்லாரும் இந்த மூணுல ஒண்ணுல கண்டிப்பா மாட்டுவாங்க, நானும் மூணுலயும் மாட்டிருக்கேன். உடனே சிப்பு போலி, போர்டு போச்சுனு முடிவு பண்ணிடாதீங்க, முக்கால்வாசி நேரம் சிப் சரியாதான் அளக்குது, நாம அளக்கச் சொன்னது வேற, அது பாக்குறது வேற. அந்த வித்தியாசம்தான் டிலே. அத எங்கெங்க தேடணும், எந்த வரிசைல தேடணும்னு எழுதுறேன். டிடிசி7200ஐ வச்சே சொல்றேன் ஏன்னா அதுதான் ஈஸியா கிடைக்குது, ஆனா டிடிசி-ஜிபி22 மாதிரி சிப் வச்சிருக்கவங்களுக்கும் ரெஜிஸ்டர் பேர் மாறுமே தவிர விஷயம் இதேதான்.

முதல்ல அளவு மனசுல பதியணும். இந்த சிப்போட ஒரு ஸ்டெப் 55 பிக்கோசெகண்ட். வெளிச்சம் அந்த நேரத்துல போற தூரம் 16 மில்லிமீட்டர் சொச்சம். சாதா எஃப்ஆர்4 பிசிபில சிக்னல் அத விட மெதுவா போகும், ஒரு சென்டிமீட்டர் ட்ரேஸுக்கு கிட்டத்தட்ட 55லேருந்து 60 பிக்கோசெகண்ட் ஆகும். அதாவது போர்டுல ஸ்டார்ட் லைன விட ஸ்டாப் லைன் ஒரு சென்டிமீட்டர் நீளமா போயிருந்தாலே ரீடிங்ல ஒரு நம்பர் கூடிடும். ஆர்ஜி-58, ஆர்ஜி-174 மாதிரி கேபிள்ல மீட்டருக்கு 5.05 நானோசெகண்ட், ஏன்னா அதுல வேகம் வெளிச்சத்துல 66 சதவீதம்தான். ஃபோம் போட்ட கேபிள்னா 80 சதவீதம் அளவுக்கு போகும், மீட்டருக்கு 4.2 கிட்ட வரும். பிரெட்போர்டு ஜம்பர் வயர் 20 சென்டிமீட்டர் தொங்கிட்டு இருந்தா அதுவே ஒரு நானோசெகண்ட் கிட்ட தின்னுடும். இந்த கணக்கு தெரிஞ்சா பாதி குழப்பம் அப்பவே தீந்துடும்.

டிலேல மூணு சாதி இருக்கு, மூணையும் போட்டு ஒண்ணா குழப்பிக்கக் கூடாது. ஒண்ணு, சிப்பு ரெடியாக எடுத்துக்கிற காத்திருப்பு, மைக்ரோசெகண்ட், மில்லிசெகண்ட் கணக்குல இருக்கும், இது ரீடிங்க மாத்தாது, ஆனா மதிக்கலனா ரீடிங்கே வராது, இல்லனா கோணலா வரும். ரெண்டாவது, எப்பவும் ஒரே அளவா இருக்கிற டிலே, கேபிள், பஃபர், ட்ரேஸ் எல்லாம் இதுல வரும், ஒரு தடவை அளந்து கழிச்சுட்டா போச்சு. மூணாவது, நேரத்துக்கு நேரம் மாறுற டிலே, பல்ஸ் உயரம், சூடு, சத்தம், க்ளாக் இதனால வர்றது. மெனக்கெட வேண்டியது இந்த மூணாவதுக்குதான், ஆனா பல பேர் ரெண்டாவத பாத்து பயந்து அங்கயே ஒரு வாரத்த தொலைச்சுடுறாங்க. 58 காட்டுச்சா, நாளைக்கும் 58 காட்டுதா, அப்போ அது பிரச்சனையே இல்ல.

ரீடிங்கே வரலையா, முதல்ல ஆரம்ப வரிசைய பாருங்க

சிப்புக்கு பவர் 2லேருந்து 3.6 வோல்ட் வரைக்கும்தான். 5 வோல்ட் ஆர்டுயினோ ஊனோ பின்ன நேரா இதுல மாட்டாதீங்க, ஸ்டார்ட், ஸ்டாப், எஸ்பிஐ (சிப்பும் மைக்ரோகன்ட்ரோலரும் பேசிக்கிற லைன்) எதுலயும் மாட்டாதீங்க. 3.3 வோல்ட் போர்டு எதுவா இருந்தாலும் சரி, ராஸ்ப்பெரி பை பீக்கோ ரொம்ப வசதி, ஏன்னு கீழ சொல்றேன்.

எனேபிள் பின்ன பவர் லைனோட சேத்து கட்டிடுறது அதிகமா நடக்குற தப்பு. சிப்புக்கு பவர் வந்ததுக்கு அப்புறம் எனேபிள் லோவா இருந்து ஹையா ஏறணும், அந்த ஏத்தத்ததான் அது ரீசெட்டா எடுத்துக்குது. சேத்து கட்டிட்டா சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது, நம்மள பைத்தியமாக்கிடும். அதனால மைக்ரோகன்ட்ரோலரோட ஒரு ஜிபிஐஓ பின்ன அதுக்குனு ஒதுக்கிடுங்க. எனேபிள் ஏறின உடனே உள்ள இருக்கிற எல்டிஓ ரெகுலேட்டர் நிலைக்கு வரணும், அதுக்கு 1.5 மில்லிசெகண்ட் வேணும். எஸ்பிஐ அதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிச்சுடும், ரெஜிஸ்டர் எல்லாம் ஒழுங்கா எழுதிப் படிக்கலாம், அதனாலதான் ரெடினு நெனச்சு அளக்க ஆரம்பிச்சுடுறோம், முதல் சில ரீடிங் கோணலா வரும். 2 மில்லிசெகண்ட் விட்டுடுங்க, 5 விட்டாலும் நஷ்டமில்ல. விரெக் பின்ல 1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் பின்னுக்கு ஒட்டினாப்ல இருக்கணும், அது இல்லாம எதுவும் சரியா வராது.

க்ளாக் எனேபிளுக்கு முன்னாடியே ஓடிட்டு இருக்கட்டும். 1லேருந்து 16 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் குடுக்கலாம், 8 மெகாஹெர்ட்ஸ் எல்லாரும் போடுறது. மோட் 1ல (சின்ன நேரம் அளக்குற மோட், கீழ வரும்) க்ளாக் தேவையில்லனு சில பேர் நெனைக்கிறாங்க, அளக்குறதுக்கு தேவையில்லதான் ஆனா காலிப்ரேஷனுக்கு, அதாவது ஒரு எண்ணிக்கை எத்தனை பிக்கோசெகண்ட்னு கண்டுபுடிக்கிறதுக்கு வேணும், க்ளாக் இல்லனா காலிப்ரேஷன் முடியாது, அளவை முடிஞ்சதுனு இன்டரப்ட்டும் வராது.

இன்டரப்ட் பின் ஓபன் ட்ரெயின், அதாவது லோவுக்கு இழுக்கும், தானா ஹைக்கு ஏறாது, அதனால 10 கிலோஓம் புல்லப் போடுங்க. அப்புறம் எஸ்பிஐல எழுதுறப்போ அட்ரஸ் பைட்ல எழுதுறேன்னு சொல்ற பிட்டு ஆறாவது பிட்டு, அதாவது கான்ஃபிக்1 ரெஜிஸ்டருக்கு எழுதணும்னா முதல் பைட்டு ஹெக்ஸ்ல 40. இத மறந்துட்டு 00 அனுப்பினா எழுதின மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணும் எழுதிருக்காது. எழுதினத திரும்ப படிச்சு பாக்குற பழக்கம் வச்சுக்கோங்க.

இப்போ முக்கியமான இடம். கான்ஃபிக்1ல ஸ்டார்ட் மெஷர்மென்ட் பிட்ட ஏத்தின உடனே சிப்பு அளக்க ஆரம்பிக்காது, அது தன்னை தயார் பண்ணிட்டு ட்ரிக் பின்ன ஏத்தும், அதுக்கு அப்புறம் வர்ற ஸ்டார்ட் பல்ஸதான் கணக்குல எடுக்கும், அதுக்கு முன்னாடி வந்த ஸ்டார்ட் போனது போனதுதான். லேசர் டையோட நீங்களே ப்ரோக்ராம் கோடுல சுடுறீங்கனா ட்ரிக் பின்ன பாத்துட்டு சுடுங்க, இன்னும் நல்லது ட்ரிக் பின்னையே லேசர் டிரைவரோட தூண்டுதலா குடுத்துடறது. சிப்பு ஒவ்வொரு அளவை முடிஞ்சதும் திரும்ப அந்த பிட்ட எழுதினாதான் அடுத்ததுக்கு தயாராகும், இத லூப்ல போடாம ஒரே ஒரு ரீடிங் வந்துட்டு நின்னுடுச்சுனு நெறைய பேர் தவிக்கிறாங்க.

கோடுல எவ்வளவு நேரம் ஆகுது, இன்டரப்ட் சர்வீஸ் பண்ண எத்தனை மைக்ரோசெகண்ட், எஸ்பிஐ வேகம் போதுமா, இதெல்லாம் அளவைய தொடவே தொடாது. பல்ஸ் வந்த நேரம் சிப்புக்குள்ள உறைஞ்சு போச்சு, நீங்க ஒரு செகண்ட் கழிச்சு படிச்சாலும் அதே நம்பர்தான். செகண்டுக்கு எத்தனை தடவை அளக்கலாம்ங்கிறது மட்டும்தான் மாறும். அதனால கோட வேகமாக்கி பிக்கோசெகண்ட் துல்லியம் வாங்கப் பாக்காதீங்க, அங்க ஒண்ணும் இல்ல.

மோட் எது, ரொம்ப சின்ன நேரத்த எப்படி அளக்குறது

மோட் 1 12 நானோசெகண்ட்லேருந்து 500 வரைக்கும். மோட் 2 250 நானோசெகண்ட்லேருந்து 8 மில்லிசெகண்ட் வரைக்கும். 8 எங்கேருந்து வருதுனா க்ளாக் கவுன்டர் 16 பிட், 65535ஐ 8 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கோட ஒரு சுத்தான 125 நானோசெகண்டால பெருக்கினா 8.19 மில்லிசெகண்ட். மோட் 1ல முழு நேரத்தையும் உள்ள இருக்கிற ரிங் ஆசிலேட்டரே (வளையமா கோத்த கேட்டுகள், இதோட ஸ்டெப்தான் அந்த 55 பிக்கோசெகண்ட்) ஓடி அளக்குது, நேரம் நீள நீள அதோட தள்ளாட்டமும் சேந்துட்டே போகும், அதனாலதான் 500ல நிறுத்திக்க சொல்றாங்க. மோட் 2ல முழு க்ளாக் சுத்துகள எண்ணிட்டு, ரெண்டு ஓரத்துல இருக்கிற துண்டு நேரத்த மட்டும் ரிங் ஆசிலேட்டர் அளக்குது.

ஸ்டார்ட்டும் ஸ்டாப்பும் 3 நானோசெகண்ட் வித்தியாசத்துல வந்தா என்ன பண்றது. 12க்கு கீழ சிப்பு பாக்காது. இங்கதான் டிலேய நாமளே வேணும்னு போடணும். ஸ்டாப் லைன்ல 3 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள சுருட்டி வச்சுடுங்க, 15.15 நானோசெகண்ட் கூடிடும், இப்போ 3 நானோ 18ஆ தெரியும், கழிச்சுக்கலாம். ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே ஸ்டாப் வர்ற வாய்ப்பு இருக்கிற வேலைலயும் இதே வைத்தியம்தான், கேபிள கொஞ்சம் நீளமா போட்டா மைனஸ் நேரமும் பிளஸ்ஸா மாறிடும். ஆர்சி ஃபில்டர் போட்டு டிலே பண்றேன்னு மட்டும் இறங்காதீங்க, அது எட்ஜ, அதாவது பல்ஸ் ஏறுற ஓரத்த, மொண்ணையாக்கிடும், மொண்ணை எட்ஜ் என்ன பண்ணும்னு அப்புறம் பாக்கலாம். கேபிள் பிடிக்கிற இடம் அதிகம்தான், ஆனா டிலேல அதுமாதிரி நம்பிக்கையான பொருள் இந்த விலைக்கு வேற இல்ல.

கணக்குல ஒளிஞ்சிருக்கிற டிலே

வயரிங் எல்லாம் சரி, ஆனா நம்பர் தப்புனா ஃபார்முலாவ பாருங்க. சிப்பு நானோசெகண்ட் குடுக்காது, வெறும் எண்ணிக்கைதான் குடுக்கும். ஒரு எண்ணிக்கை எத்தனை பிக்கோசெகண்ட்ங்கிறது சூட்டுக்கும் வோல்டேஜுக்கும் ஏத்த மாதிரி மாறிட்டே இருக்கும், 55ங்கிறது சராசரியா சொல்றதுதான். அத கண்டுபுடிக்கதான் காலிப்ரேஷன்1, காலிப்ரேஷன்2னு ரெண்டு ரெஜிஸ்டர். முதலாவது ஒரு க்ளாக் சுத்துக்கு எத்தனை எண்ணிக்கைனு சொல்லும், ரெண்டாவது பத்து சுத்துக்கு (அத 2, 10, 20, 40னு மாத்திக்கலாம்). ரெண்டையும் கழிச்சு ஒன்பதால வகுத்தா ஒரு சுத்துக்கான எண்ணிக்கை. ஏன் ஒண்ண கழிக்கணும்னா, ஆரம்பிக்கிறதுலயும் நிறுத்துறதுலயும் சிப்புக்குள்ள இருக்கிற நிலையான டிலே ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கு, கழிக்கிறப்போ அது தானா அடிபட்டு போயிடும்.

8 மெகாஹெர்ட்ஸ்ல காலிப்ரேஷன்1 2273, காலிப்ரேஷன்2 22727னு வந்துதுனு வைங்க. கழிச்சா 20454, ஒன்பதால வகுத்தா 2272.67. 125 நானோசெகண்ட அதால வகுத்தா 0.0550 நானோசெகண்ட். மோட் 1ல டைம்1 1840னு வந்தா 101.2 நானோசெகண்ட், அவ்வளவுதான்.

மோட் 2ல டைம்1லேருந்து டைம்2வ கழிச்சு அந்த 0.055ஆல பெருக்கி, க்ளாக் கவுன்ட் பெருக்கல் 125ஓட கூட்டணும். க்ளாக் கவுன்ட் 40, டைம்1 600, டைம்2 1900னா, கழிச்சா மைனஸ் 1300, அது மைனஸ் 71.5 நானோசெகண்ட், 5000த்தோட கூட்டினா 4928.5. இந்த மைனஸதான் கவனிக்கணும். கோடுல ரெண்டையும் அன்சைன்ட் 32 பிட்டா வச்சு கழிச்சா 1300 குறையுறதுக்கு பதிலா 429 கோடி சொச்சம்னு ஒரு எண் வரும், ரீடிங் 0.24 செகண்ட்னு காட்டும். இன்னும் மோசம் என்னன்னா டைம்1 பெருசா இருக்கிற பாதி தடவை எல்லாம் சரியா வரும், அதனால விட்டு விட்டு தப்பா வருதே, நாய்ஸா இருக்குமோனு கெப்பாசிட்டர் மாத்திட்டு இருப்போம். சைன்ட் இன்டாஜரா மாத்திட்டு கழிங்க. அதோட டைம் ரெஜிஸ்டர் 24 பிட்டுல மேல் பிட்டு பேரிட்டி, அத மாஸ்க் பண்ணுங்க. க்ளாக் கவுன்ட்ல கீழ 16 பிட்டு மட்டும் எடுங்க.

காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுனு சொன்னேனே, எனக்கு அது நடந்தது இங்கதான். காலிப்ரேஷன் ரெண்டையும் போர்டு ஆன் ஆகுறப்போ ஒரு தடவை படிச்சு வேரியபிள்ல வச்சுட்டு, அதுக்கப்புறம் டைம்1 மட்டும் படிச்சுட்டு இருந்தேன், ரீட் நேரம் மிச்சமாகுதேனு. பெட்டி மூடி ரெண்டு மணி நேரம் ஓடினதும் உள்ள சூடு ஏறும், ரிங் ஆசிலேட்டர் மெதுவாகும், அதே 80 மீட்டர் சுருள் கேபிளோட 400 நானோசெகண்ட் நகந்துட்டே போச்சு. கேபிள்தான் சூட்டுக்கு மாறுதுனு நம்பி கேபிள ரெண்டு தடவை மாத்தினேன். ஒவ்வொரு அளவைக்கும் அதோட காலிப்ரேஷனையே சேத்து படிக்க ஆரம்பிச்ச உடனே நகர்ற கதை நின்னுடுச்சு. சிப்பு ஒவ்வொரு தடவையும் அத தானே பண்ணித் தருது, படிக்காம விட்டது நான்தான்.

இன்டரப்ட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்ல ஓவர்ஃப்ளோ பிட்டு ஏறிருக்கானு பாத்துட்டு அப்புறம் ரீடிங்க நம்புங்க. ஸ்டாப்பே வராம டைம் முடிஞ்சு போன அளவையும் இன்டரப்ட் குடுக்கும், பழைய நம்பர புதுசுனு எடுத்துட கூடாது.

நிலையான டிலேய அளந்து கழிக்கிறது

பெருசா கருவி எதுவும் வேண்டாம். ஒரே பல்ஸ ரெண்டா பிரிச்சு ஸ்டார்ட்டுக்கு ஒண்ணு, ஸ்டாப்புக்கு ஒண்ணு. பிரிக்க ஒரே ஐசிக்குள்ள இருக்கிற ரெண்டு பஃபர் கேட்ட எடுங்க, 74எல்விசி குடும்பத்துல ரெண்டு பஃபர் சேந்து சின்ன ஐசியா வருது, ரெண்டும் ஒரே சில்லுல இருக்கிறதால சூடு ஏறினாலும் சேந்தே மாறும். தனித்தனி ஐசியா போட்டா ஒண்ணு சூடாகி ஒண்ணு ஆகாம வித்தியாசம் வரும். ஒவ்வொரு அவுட்புட்லயும் கேபிளுக்கு முன்னாடி ஒரு சீரிஸ் ரெசிஸ்டர் போட்டு, கேட்டோட சொந்த தடையும் சேத்து 50 ஓம் வர்ற மாதிரி பாத்துக்கோங்க.

இப்போ ஸ்டாப் பக்கம் நிரந்தரமா அந்த 3 மீட்டர் கேபிள், அதுக்கு மேல அளவு தெரிஞ்ச கேபிள் ஒவ்வொண்ணா. 1 மீட்டர், 3 மீட்டர், 10 மீட்டர், ஒவ்வொண்ணுக்கும் ஆயிரம் ரீடிங் எடுத்து சராசரி. உதாரணத்துக்கு 20.30, 30.40, 65.75னு வந்துதுனு வைங்க. கிராஃப் போட்டா நேர்கோடு, மீட்டருக்கு 5.05 சாய்வு, நீளம் சைபர் இருக்கிற இடத்துல கோடு 15.25ல வெட்டும். அந்த 15.25தான் உங்க செட்டப்போட நிலையான டிலே, சுருட்டி வச்ச கேபிள், ட்ரேஸ் வித்தியாசம், பஃபர் வித்தியாசம், கனெக்டர் எல்லாம் சேந்து. தனித்தனியா எது எவ்வளவுனு தேடி அலையாதீங்க, மொத்தமா கழிச்சுடுங்க. ஒரே ஒரு கேபிள வச்சு கழிக்கிறத விட மூணு கேபிள் ஏன் முக்கியம்னா, சாய்வு 5.05க்கு பதிலா 5.3னு வந்தா க்ளாக்லயோ கணக்குலயோ கோளாறுனு அப்பவே தெரிஞ்சுடும், ஒரு புள்ளில அது தெரியவே தெரியாது.

பெரிய இடத்துலயும் இத தான் பண்றாங்க. ஊட்டில இருக்கிற கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்துல ஒவ்வொண்ணும் ஒரு சதுர மீட்டர்ல கிட்டத்தட்ட 400 சின்டிலேட்டர் டிடெக்டர் 8 மீட்டர் இடைவெளில பரப்பி வச்சிருக்காங்க, வானத்துலேருந்து வர்ற துகள் மழை எந்த பக்கமா சாஞ்சு வந்துச்சுனு கண்டுபுடிக்கிறது, எந்த டிடெக்டர்ல முதல்ல விழுந்துச்சுங்கிற நேரத்த வச்சுதான். 8 மீட்டருக்கு வெளிச்சம் எடுத்துக்கிற நேரமே 27 நானோசெகண்டுக்கு கீழ, அப்போ ஒவ்வொரு டிடெக்டருக்கும் அதோட கேபிளுக்கும் உள்ள நிலையான டிலே தெரியாம திசைய பத்தி பேசவே முடியாது.

ஜிபிஎஸ் 1 பிபிஎஸ், அதாவது செகண்டுக்கு ஒண்ணுனு வர்ற பல்ஸ, அளக்குறவங்க ஆன்டெனா கேபிளையும் மறக்காதீங்க, மொட்டை மாடிலேருந்து 20 மீட்டர் இறக்கினா 100 நானோசெகண்ட். யு-ப்ளாக்ஸ் ரிசீவர்ல ஆன்டெனா கேபிள் டிலேனு ஒரு செட்டிங்கே இருக்கு, சும்மா விட்டா அது 50 நானோசெகண்ட்னு எடுத்துக்கும், உங்க கேபிளுக்கு ஏத்தத போடணும்.

மாறுற டிலே, கஷ்டமான பகுதி

உள்ள வர்ற சிக்னல் ஒரு வோல்டேஜ தாண்டினா காம்பரேட்டர் அவுட்புட் குடுக்கும், அந்த வோல்டேஜ்தான் த்ரெஷோல்ட். த்ரெஷோல்ட் 100 மில்லிவோல்ட்னு வைங்க, பல்ஸ் 10 நானோசெகண்ட்ல நேர்கோடா ஏறுது. 200 மில்லிவோல்ட் உயரம் உள்ள பல்ஸ் பாதி வழில, 5 நானோசெகண்ட்ல தாண்டும். 400 மில்லிவோல்ட் பல்ஸ் கால்வாசிலயே, 2.5ல தாண்டிடும். ரெண்டும் ஒரே நேரத்துல கிளம்பினதுதான், ஆனா 2.5 நானோசெகண்ட் வித்தியாசம், சிப்போட 45 ஸ்டெப்பு. லேசர் வச்சு தூரம் அளக்குறீங்கனா அதே தூரத்துல வெள்ளை சுவரும் கருப்பு துணியும் 37 சென்டிமீட்டர் தள்ளி தெரியும். இதுக்கு டைம் வாக்னு பேரு. இது போதாதுனு காம்பரேட்டருக்குனு ஒரு குணம் இருக்கு, உள்ள வர்ற சிக்னல் த்ரெஷோல்டுக்கு கொஞ்சமா மேல போனா மெதுவா பதில் சொல்லும், நல்லா மேல போனா வேகமா சொல்லும். டிஎல்வி3501 4.5 நானோசெகண்ட் காம்பரேட்டர்தான், ஆனா அந்த 4.5 எல்லா பல்ஸுக்கும் ஒண்ணா இருக்காது.

இதுக்கு வழி என்னன்னா, முதல்ல எட்ஜ கூர்மையாக்குங்க, ஏறுற நேரம் 10லேருந்து 1 நானோசெகண்ட் ஆனா இந்த தப்பும் பத்துல ஒண்ணாகும். அடுத்தது த்ரெஷோல்ட நாய்ஸுக்கு மேல எவ்வளவு கீழ வைக்க முடியுமோ அவ்வளவு கீழ. இதுவும் பத்தலனா பல்ஸ் எவ்வளவு நேரம் த்ரெஷோல்டுக்கு மேல இருந்துச்சுனும் சேத்து அளக்கணும், உயரமான பல்ஸ் அகலமாவும் இருக்கும், அந்த அகலத்த வச்சு ஒரு டேபிள் போட்டு திருத்தலாம், இது நல்லாவே வேலை செய்யும். இல்லனா கான்ஸ்டன்ட் ஃப்ராக்ஷன் டிஸ்க்ரிமினேட்டர் கட்டணும், அது பல்ஸோட உச்சத்துல இத்தனை பங்குனு வச்சு முடிவெடுக்கும், உயரம் மாறினாலும் நேரம் மாறாது. நாய்ஸால வர்ற ஜிட்டருக்கும் (ஒவ்வொரு தடவையும் நேரம் கொஞ்சம் முன்ன பின்ன ஆடுறது) இதே கணக்குதான், நாய்ஸ ஏறுற வேகத்தால வகுங்க: 5 மில்லிவோல்ட் நாய்ஸ், நானோசெகண்டுக்கு 100 மில்லிவோல்ட் ஏத்தம்னா 50 பிக்கோசெகண்ட். சிப்போட சொந்த ஜிட்டரே 35தான், அப்போ உங்க எட்ஜ்தான் சிப்ப விட மோசம்.

2011 செப்டம்பர்ல நியூட்ரினோவ ஆராயுற ஓபரா குழு, ஜெனிவா கிட்ட இருக்கிற செர்ன் ஆய்வுக்கூடத்துலேருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலில கிரான் சாஸோ மலைக்கு அடில வந்த நியூட்ரினோ வெளிச்சத்த விட 60 நானோசெகண்ட் முன்னாடி வந்துடுச்சுனு சொன்னாங்களே, உலகமே பேசுச்சு. அடுத்த வருஷம் தெரிஞ்சது, ஜிபிஎஸ் நேரத்த உள்ள கொண்டு வர்ற 8 கிலோமீட்டர் ஃபைபரோட கனெக்டர் முழுசா இறுகலை. இறுகாததால வெளிச்சம் கம்மியா வந்துச்சு, கம்மி வெளிச்சத்துல அந்த பக்க சர்க்யூட் த்ரெஷோல்ட தாண்ட 70 நானோசெகண்டுக்கு மேல கூடுதலா எடுத்துக்குச்சு. சிக்னல் அறுந்து போகலை, லைன் வேலை செஞ்சுட்டுதான் இருந்துச்சு, நேரம் மட்டும் தள்ளிப் போச்சு. மேல சொன்ன 200, 400 மில்லிவோல்ட் கதையும் இதுவும் ஒண்ணுதான். அதனால கனெக்டர கையால இறுக்கி பாத்துட்டு, அசைச்சா ரீடிங் மாறுதானு ஒரு தடவை பாருங்க.

க்ளாக்க பத்தி கொஞ்சம். சிப்பு எல்லாத்தையும் க்ளாக்கோட ஒப்பிட்டுதான் சொல்லுது, க்ளாக் ஒரு சதவீதம் தப்புனா ரீடிங்கும் ஒரு சதவீதம் தப்பு, 400 நானோசெகண்ட்ல 4 நானோ. மைக்ரோகன்ட்ரோலருக்குள்ள இருக்கிற ஆர்சி ஆசிலேட்டர குடுக்கவே குடுக்காதீங்க. 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு தப்பு) க்ரிஸ்டல்னா 5 மைக்ரோசெகண்டுக்கு 100 பிக்கோசெகண்ட் தப்பு, பரவாயில்ல, ஆனா 1 மில்லிசெகண்டுக்கு 20 நானோசெகண்ட், அங்க 55 பிக்கோசெகண்ட பத்தி பேசுறதுல அர்த்தமே இல்ல. நீள நேரம் அளக்குறவங்க நல்ல டிசிஎக்ஸ்ஓ (சூடு மாறினா தன்னையே திருத்திக்கிற க்ரிஸ்டல் ஆசிலேட்டர்) போடுங்க. அமெரிக்கால டாப்பர் அமெச்சூர் ரேடியோ அமைப்பு விக்கிற டிக்ங்கிற நேரம் அளக்குற போர்டுல ரெண்டு டிடிசி7200 இருக்கு, வெளியேருந்து வர்ற 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ நம்பிதான் அது ஓடுது, நீள நேரத்த 100 மைக்ரோசெகண்ட் கட்டமா எண்ணிட்டு கடைசி துண்ட மட்டும் டிடிசிகிட்ட குடுக்குது. 1 செகண்ட் பல்ஸ அளக்க நெனைக்கிறவங்களுக்கு அந்த யோசனை அப்படியே உதவும், 8 மில்லிசெகண்ட் எல்லைய தாண்ட வேற சுலப வழி இல்ல.

பீக்கோ வச்சு சோதிக்கிறது

சிக்னல் ஜெனரேட்டர் இல்லாதவங்களுக்கு பீக்கோவோட பிஐஓ (மெயின் ப்ரோக்ராம நம்பாம பின்கள தானே இயக்குற குட்டி பகுதி) போதும். 125 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு சுத்து 8 நானோசெகண்ட், ஒரு பின்ன ஏத்திட்டு சரியா பத்து சுத்து கழிச்சு இன்னொரு பின்ன ஏத்துற ப்ரோக்ராம் நாலு வரிதான், 80 நானோசெகண்ட் அச்சா கிடைக்கும். 10, 20, 40 சுத்துனு மாத்தி 80, 160, 320 வருதானு பாருங்க. சாதா சி கோடுல பின்ன மாத்தி இத பண்ணாதீங்க, நடுவுல இன்டரப்ட் புகுந்தா நேரம் நழுவிடும். டிடிசிக்கு க்ளாக்கும் பீக்கோலேருந்தே குடுத்தா க்ரிஸ்டல் தப்பு ரெண்டு பக்கமும் அடிபட்டு சோதனை ரொம்ப அழகா வரும், ஆனா பல்ஸ் எப்பவும் க்ளாக்கோட ஒரே இடத்துல விழுறதால சராசரி எடுத்தாலும் துல்லியம் கூடாது. தனி க்ளாக் குடுத்தா பல்ஸ் க்ளாக்குல எங்கெங்கயோ விழும், ஆயிரம் ரீடிங் சராசரி அப்போதான் உண்மையா உதவும்.

அந்த ஆயிரம் ரீடிங்கையும் சராசரி மட்டும் போட்டு தூக்கி போட்டுடாதீங்க, ஹிஸ்டோகிராம் போட்டு பாருங்க. ஒரே மேடு, 50 பிக்கோசெகண்டுக்குள்ள அகலம், நல்லா இருக்கு. ரெண்டு மேடு சரியா 125 நானோசெகண்ட் தள்ளி இருந்தா க்ளாக் கவுன்ட் ஒண்ணு கூடவோ குறையவோ எண்ணுது, ஸ்டார்ட் க்ளாக் எட்ஜோட மோதுதானு பாக்கணும். ரெண்டு மேடு சில நானோசெகண்ட் தள்ளி இருந்தா எதிரொலி, கேபிள் முனைல மேட்ச் ஆகலை, போய் திரும்பி வர்ற நேரத்துக்கு சமமா அந்த தள்ளல் இருக்கும், 2 மீட்டர் கேபிள்னா 20 நானோசெகண்ட் கிட்ட. மேடு அகலமா மழுங்கிப் போயிருந்தா மொண்ணை எட்ஜ் இல்லனா பவர் சப்ளை நாய்ஸ், ஸ்விட்சிங் கன்வர்ட்டர கழட்டிட்டு பேட்டரில ஒரு தடவை ஓட்டி பாத்தா உடனே தெரியும். மேடு மெல்ல நடந்து போனா சூடு, அதுக்கு மேல சொன்ன காலிப்ரேஷன் கதைய திரும்ப பாருங்க.

ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க, மாத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே ஆயிரம் ரீடிங். கேபிள் ஒவ்வொண்ணுலயும் ஒரு பேப்பர் டேப்ப ஒட்டி அதோட அளந்த நானோசெகண்ட பேனால எழுதி வைங்க, கனெக்டர் வெட்டி திரும்ப போட்டா பழைய நம்பர அடிச்சுட்டு புதுசா அளந்து எழுதுங்க, ஏன்னா ரெண்டு சென்டிமீட்டர் வெட்டினாலே 100 பிக்கோசெகண்ட் போயிடும்.